எங்க கைகளைத் திருப்பி அனுப்பாதீங்க

எங்க வட்டாரச் சமூக மன்றத்துக் கலைக்குழுவில இருக்கிற அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

நம்ம புளோக் கீழ்த்தளத்துத் திறந்த இடத்துல, அதான் வாய்ட் டெக்ல, நடக்கப் போற கண்காட்சிக்கு நான் குடுத்த மிக்ஸட் மீடியா வேலையை, கிருமி விஷயம், பெத்தவங்க பயப்படுவாங்கன்னு சொல்லித் திருப்பிட்டீங்க. மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு, அதான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன்.

எங்க புளோக்ல ஒன்பது பேர், இட்லி மாவு கலக்கின கையைக் கழுவுறதுக்கு முன்னாடி கிருமி வளர்க்கிற ஜெல்லி ஊத்தின அகார் தட்டுல ஒத்தி எடுத்தாங்க. ரெண்டு மூணு நாள்ல விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளையா மஞ்சளா புள்ளி வச்ச கோலம் மாதிரி வளர்ந்துச்சு, ஒருத்தர் கை மாதிரி இன்னொருத்தர் கை இல்ல. அதைப் போட்டோ எடுத்து அவங்கவங்க பழைய காட்டன் சேலையில பிரிண்ட் போட்டு மேல நூல் வேலை செஞ்சிருக்கேன். தட்டுங்களை லேப்ல 121 டிகிரி நீராவியில வச்சு அழிச்சாச்சு. சுவர்ல தொங்கப் போறது துணியும் நூலும்தான்.

அந்த அகார் வேற ஒண்ணுமில்ல, பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு மலாய் ஆன்ட்டி குடுத்துவிடுற அகார் அகார் ஜெல்லிதான். 1881ல ராபர்ட் கோக்ங்கிற ஜெர்மன் கிருமி ஆராய்ச்சியாளரோட லேப்ல, கிருமி வளர்க்கப் போட்ட ஜெலட்டின் சூட்டுல உருகிக்கிட்டே இருந்தப்ப, அங்க வேலை செஞ்சவரோட மனைவி ஃபேனி ஹெஸ்ஸேதான் அகாரைப் போட்டுப் பாக்கச் சொன்னாங்க. ஜாவாவுல இருந்துட்டு வந்தவங்ககிட்ட அவங்க கத்துக்கிட்டது அது. நம்ம பக்கத்துச் சமையக்கட்டுல இருந்து லேபுக்குப் போன சாமான்!

பயம் எனக்கும் புரியுது. 2020 கோவிட் சமயத்துல சிங்கப்பூர்ல போட்ட ஊரடங்கு, அந்தச் சர்க்யூட் பிரேக்கர்ல எங்கம்மா பால் பாக்கெட்டைக் கூட சோப்புப் போட்டுக் கழுவித்தான் உள்ள எடுத்தாங்க, அதே ராத்திரி தேக்காவில வாங்கின உளுந்தை அரைச்சு, நல்லாப் பொங்கட்டும்னு மூடியும் வச்சாங்க. பொங்க வைக்கிறதும் பாக்டீரியாதான, லியூகோனாஸ்டாக்னு பேரு, பெரும்பாலும் உளுந்தோடயே வருது. 2016ல போட்ட கணக்குல நம்ம உடம்புல மனுஷ செல்லு சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியா 38 லட்சம் கோடி. எல்லாத்தையும் கிருமின்னு ஒரே வார்த்தையில தள்ளிட்டா எங்கம்மா கை செஞ்ச ரெண்டு வேலையில ஒண்ணு காணாமப் போயிடுதே, அதைத்தான் நான் துணியில காட்டியிருக்கேன்.

கண்காட்சிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. ஒரு தடவை வீட்டுக்கு வந்து துணிங்களை நேர்ல பாருங்க. யாராவது பயந்து கேட்டா நானே பக்கத்துல நின்னு பதில் சொல்றேன். ஒன்பது கையில ஒண்ணு 84 வயசுப் பாட்டியோடது, திறப்பு நாளுக்குக் கட்ட இப்பவே சேலை எடுத்து வச்சிருக்காங்க. அவங்ககிட்ட நான் இன்னும் எதுவும் சொல்லல.