ஏப்ரல் 15 வரை இழுக்க வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்காவில் மானிடவியல் பிஎச்.டி.க்கு டிசம்பரில் விண்ணப்பித்துவிட்டு, மார்ச் முடியும் நேரத்திலும் மின்னஞ்சலைத் திறந்து திறந்து மூடும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. இடம் குறைவு, சேர்ப்பவர்களுக்குப் பல வருட உதவித்தொகையும் தர வேண்டும், அளந்துதான் எடுப்பார்கள், சரி. நிதியுதவியோடு வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதாக அங்கே பல பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. மாணவரை அவசரப்படுத்தாத நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு மூன்று அழைப்புகளைக் கையில் வைத்திருப்பவர் கடைசி நாள்வரை யோசித்தால், காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர் கதி? எங்களுக்கு அப்புறம்தான் விசா வேலையே தொடங்கும். வேண்டாத இடத்தை முன்னதாகவே விட்டுக்கொடுங்களேன். துறைகளும், எடுக்கவில்லை என்றால் அதை ஒரு வரியில் உடனே சொல்லலாம், விண்ணப்பக் கட்டணத்தை மட்டும் டாலரில் உடனே வாங்கிக்கொள்கிறார்களே!

- ஒரு விண்ணப்பதாரர், மதுரை