ஏரிக்கரை, காட்டுப் பாதைகள்: சைக்கிள் பயணப் பிரிவின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் சைக்கிள் பயணப் பிரிவு செய்த பணிகளை இந்த அவையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கை பாதைகளையும் வண்டிகளையும் பற்றியது. மொரிசியஸ் தீவின் நடுமேட்டில் ஏரிகளும் காடும் மலைச்சரிவும் ஒன்றையொன்று ஒட்டியே கிடக்கின்றன. ஒரே நாளில் சுற்றிவரக்கூடிய தூரம்தான். ஆனால் எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்குவது என்பதைச் சரியாக முடிவு செய்யாவிட்டால் அந்த ஒரு நாளே பாரமாகிவிடும். இந்த ஆண்டு பிரிவின் உழைப்பில் பெரும்பங்கு இந்தக் கேள்விக்கே போனது.

முதன்மைப் பாதை வாக்வாவில் தொடங்குகிறது. லா மாரி வழியாக ஏறினால் மார் ஓ வாக்வா நீர்த்தேக்கம். தீவின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் இதுதான். கொள்ளளவு ஏறக்குறைய 2.6 கோடி கன மீட்டர். மேட்டுநில ஊர்களுக்குக் குடிநீர் இங்கிருந்து போவதால் கரையில் இறங்கிக் கைகால் கழுவுவதோ வண்டியைக் கழுவுவதோ கூடவே கூடாது. பைன் மரங்களுக்கிடையே ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும். உடம்பு சூடேற ஏற்ற சாலை. பெத்ரேன் சந்திப்பில் பாதை பிரிகிறது. இடதுபுறம் திரும்பினால் கங்கா தலாவ் என்னும் புனித ஏரி, அதைத் தாண்டிப் புவா ஷெரி தேயிலைத் தோட்டம். வலதுபுறம் திரும்பினால் பிளேன் ஷாம்பாஞ்: 1994இல் அறிவிக்கப்பட்ட பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவின் உச்சிமேடு. சாலை 700 மீட்டர் உயரத்தை ஒட்டிப் போகும். அலெக்சாந்திரா அருவி, பள்ளத்தாக்கைப் பார்க்கும் மேடை இரண்டும் சாலையோரமே. அதன்பின் ஷமாரெல் வரை இறக்கம்.

வாக்வாவிலிருந்து ஏறுவதா, மேற்குக் கடற்கரையிலிருந்து ஷமாரெல் வழியாக ஏறுவதா என்று உறுப்பினரிடையே நீண்ட விவாதம் நடந்தது. மேற்கிலிருந்து ஏறுவோர் சொல்லும் காரணம் நியாயமானதே: ஷமாரெலிலிருந்து மேற்குக் கரையின் காஸ் நோயால் என்னும் ஊருக்கு இறங்கும் சரிவு செங்குத்து, அதில் பிரேக்கை நம்பி இறங்குவதைவிடக் கியரை நம்பி ஏறுவது பத்திரம். ஆனால் அப்படிப் போனால் மேட்டை எட்டும்போது நண்பகல் தாண்டிவிடும். தென்கிழக்குக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து மேட்டில் மோதுவதால் பிற்பகலில்தான் மேகம் கூடி மழையும் பனிமூட்டமும் இறங்கும். ஷமாரெலிலிருந்து பெத்ரேன் வரை அதே காற்று முகத்தில் அடிக்கும். களைத்த காலோடு, எதிர்க்காற்றில், எதிரே வரும் காரோட்டிக்கு நம்மைத் தெரியாத மூட்டத்தில் போவது சரியல்ல. ஆகவே சங்கத்தின் பரிந்துரை: விடியலில் வாக்வாவில் ஏறுவது, பத்து மணிக்குள் பிளேன் ஷாம்பாஞ்சைக் கடப்பது, இறக்கத்துக்கு வண்டியை முன்கூட்டியே தயார் செய்வது.

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஷமாரெல் கிராமம் சுமார் 250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காஸ் நோயால் கடல் மட்டத்தில். ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 100 கிலோ என்றால், அந்த உயரம் இறங்குவதில் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 245 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு மேல் சூடாக்க அது போதும். வேகமாக இறங்கினால் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். பயந்து பயந்து, பிரேக்கை விடாமல் பிடித்தபடி மெதுவாக இறங்கினால் கிட்டத்தட்ட எல்லாமே பிரேக்குக்குத்தான் போகும். சக்கர விளிம்பையே பிடிக்கும் ரிம் பிரேக் உள்ள வண்டியில் அந்தச் சூடு ரிம்மில் ஏறி, ட்யூபுக்குள் காற்றழுத்தம் கூடி, ஒட்டுப்போட்ட இடத்தில் பசை இளகும். முதலில் கிளம்புவது அந்த ஒட்டுதான். முன்சக்கரமாக இருந்தால் வளைவில் ஆளைத் தள்ளிவிடும். சக்கர நடுவிலுள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கில் ரிம் தப்பிக்கும், ஆனால் தட்டை அழுத்தும் பேடு பளபளத்துப் பிடிப்பு குறையும்.

எனவே எல்லோரும் கைக்கொள்ள வேண்டிய முறை இது. இறங்குமுன் ஷமாரெலில் நின்று இரண்டு பேடையும் பார்க்க வேண்டும்: டிஸ்க் பேடில் உராய்வுப் பகுதி 1 மில்லிமீட்டருக்குக் கீழ் வந்திருந்தால் அங்கேயே மாற்ற வேண்டும், ரிம் பேடில் தேய்மானத்தைக் காட்டும் வெட்டுக்கோடு மறைந்திருந்தால் மாற்ற வேண்டும். முன்சக்கரத்தில் ஒட்டுப்போட்ட ட்யூப் கூடாது. இறங்கும்போது நேர்ப்பகுதியில் வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டு, வளைவை உருண்டு கடக்க வேண்டும். பிடித்து விடும் இடைவெளியில்தான் ரிம்மும் தட்டும் ஆறும். பாதியில் சாலையை விட்டு ஒதுங்கி ஐந்து நிமிடம் நிற்பது கட்டாயம். ஈரச் சாலையில் ரிம் பிரேக் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்குத் தண்ணீரைத் துடைப்பதோடு சரி, பிறகுதான் பிடிக்கும். அந்த இடைவெளியைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிம் பிரேக்கோடு பின்பக்கம் இரட்டைப் பை கட்டி வருவோர் காஸ் நோயால் சரிவைத் தவிர்த்து, ஷமாரெலிலிருந்து பே து காப் போகும் சாலையில் தெற்கே இறங்கலாம். தூரம் கூடுதல் என்பதால் இறக்கம் பரவி வருகிறது. கடலை எட்டியதும் மேற்கே திரும்பினால் மக்கோந்தே பாறைமுனை, அதற்கப்பால் லெ மோர்ன். இந்தக் கடலோரச் சாலையில் அலைத்துளி வண்டி மேல் படியும். அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் போடாவிட்டால் மறுநாள் காலையில் கணுக்கணுவாகத் துரு தெரியும்.

கியர் பற்றிக் கேட்டவர்களுக்கு: மேற்கிலிருந்து ஷமாரெல் ஏற விரும்புவோருக்கு முன் 34 பல், பின் 34 பல் குறைந்தபட்சத் தேவை. 32 மில்லிமீட்டர் டயரில் ஒரு மிதிச்சுற்றுக்கு 2.15 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.7 கிலோமீட்டர். பையோடு ஏறுவோர் முன் 30, பின் 36 வைத்துக்கொண்டால் அதே மிதியில் 6.5 கிலோமீட்டர், முழங்கால் அதற்கு நன்றி சொல்லும். டயர் 28க்குக் கீழ் வேண்டாம். காட்டுத்துறைச் செம்மண் பாதைகளில் நுழைவோருக்கு 35 அல்லது அதற்கு மேல்.

இந்த ஆண்டு பயணங்களில் திரும்பத் திரும்ப வந்த கோளாறு, பின்சக்கரத்தில் செயின் பக்க ஸ்போக் உடைவது. அந்தப் பக்க ஸ்போக்குகள் அதிக இழுவையில் இருப்பதாலும் பையின் எடை முழுவதும் பின்னால் விழுவதாலும் இது நடக்கிறது. வழியில் உடைந்தால் கேசட்டை, அதாவது பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதியைக் கழற்றும் கருவி இல்லாமல் புது ஸ்போக் கோக்க முடியாது. அப்போது உடைந்ததைப் பக்கத்து ஸ்போக்கோடு சுற்றிக் கட்டிவிட்டு, அதன் இருபக்கத்திலும் உள்ள எதிர்ப்பக்கத்து ஸ்போக்குகளை அரைச்சுற்று தளர்த்தி, சக்கரம் பிரேக்கில் உரசாத அளவுக்கு நேராக்கி, எடையைக் குறைத்து மெல்ல வீடு சேரலாம். பையில் எடையைப் பாதியாக்கி முன்பக்கம் மாற்றியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைந்தது. பை தாங்கியின் திருகாணிகளையும் கிளம்புமுன் கையால் அசைத்துப் பாருங்கள். அதிர்வில் முதலில் கழல்வது அவைதான்.

பஞ்சர் பயிற்சி வகுப்பில் வலியுறுத்தியதை இங்கே எழுத்தில் வைக்கிறேன். ட்யூபை உப்புத்தாளால் தேய்த்து, பசையை மெல்லிதாகத் தடவி, பளபளப்புப் போகும்வரை ஐந்து நிமிடம் பொறுத்து, பிறகே ஒட்டை அழுத்த வேண்டும். மேட்டு மழையில் பசை காயாது. ஆகவே ஆளுக்கு இரண்டு புது ட்யூப், ஒட்டுவேலை வீட்டில். புது ட்யூப் போடுமுன் டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்காமல் போட்டால் அதே முள் இரண்டாவதையும் குத்தும்.

வடபக்கப் பாதை சுருக்கம்: கார்த்தியே மிலித்தேர், நுவெல் தெகூவெர்த், லா நிகோலியேர் நீர்த்தேக்கம், வில்பாக். நீர்த்தேக்கத்துக்கு இறங்கும் வளைவுகள் அழகானவை, வாகனம் குறைவு. கரும்பு வெட்டும் காலத்தில், அதாவது ஜூன் கடைசியிலிருந்து டிசம்பர் வரை, கீழ்ப்பகுதியில் லாரியிலிருந்து விழுந்த கரும்பும் சேறும் சாலையில் கிடக்கும். ஈரமான கரும்புச் சோகைமேல் சக்கரம் போனால் நிச்சயம் வழுக்கும். பிரேக் பிடிக்காமல் நேராகக் கடக்கவும்.

பயணக் காலம் குறித்து: செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை குறைவு, அதுவே சிறந்த காலம். ஜூலை, ஆகஸ்டில் மேட்டில் குளிரும் தூறலும் சேரும். கரையைவிட ஐந்து டிகிரி வரை குறையும், இறக்கத்தில் காற்றுப்படும்போது கைவிரல் விறைத்துப் பிரேக் பிடிக்க முடியாமல் போகும். கையுறையும் மெல்லிய மழைச்சட்டையும் பையில் இருக்கட்டும். சீனக் கொய்யாக் காலத்தில் பிளேன் ஷாம்பாஞ் ஓரத்தில் பழம் பறிக்க வருவோரின் கார்கள் வரிசையாக நிற்கும், கதவு சட்டெனத் திறக்கும். ஒரு மீட்டர் விலகிச் செல்லுங்கள். அந்தக் கொய்யாதான் நம் பூர்வீகக் காட்டை நெருக்கி அழிக்கிறது. பழத்தைத் தின்று விதையைக் காட்டுக்குள் வீசாதீர்கள். கங்கா தலாவில் குரங்குகள் பையின் ஜிப்பைத் திறக்கும். உணவை வெளியே எடுக்க வேண்டாம். பெத்ரேனுக்கும் ஷமாரெலுக்கும் இடையில் கடையை நம்பாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், நாலு கத்தோ பிமாவோ தால் பூரியோ கட்டிக்கொள்ளுங்கள்.

மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்களில் காவடி சுமந்த பக்தர்கள் இரவும் பகலும் கங்கா தலாவுக்கு நடப்பார்கள். அந்தச் சாலை அப்போது அவர்களுடையது; பயணம் வைக்கவில்லை, இனியும் வைக்க மாட்டோம். தைப்பூச விரத நாட்களிலும் அப்படியே. புயல் எச்சரிக்கை முதல் எண் அறிவிக்கப்பட்டாலே பயணம் ரத்து.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் செயற்குழு மூன்றை முன்வைக்கிறது. ஷமாரெல் இறக்கப் பயணத்துக்குமுன் பிரேக் சோதனைக்கு வராத வண்டி சேர்க்கப்படாது. பொதுப் பையில் செயின் கருவி, கேசட் கருவி, மூன்று அளவு ஸ்போக்குகள், இரண்டு வகை பேடுகள், முதலுதவிப் பொருள்கள் நிரந்தரமாக இருக்கும். எடுத்தவர் அதே வாரத்தில் திரும்ப வாங்கி வைக்க வேண்டும். பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் மார் ஓ வாக்வா வரை மட்டும் வந்து அதே வழியில் திரும்புவர், பெரியவர் ஒருவர் கடைசி வண்டியாக வருவார். கருத்துகளையும் திருத்தங்களையும் இப்போதே அவையில் எழுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்