டிக்கெட் போடும் முன்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அன்புள்ள கண்ணு,

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வளைகாப்புக்கு யார் யாரை அழைப்பது என்று அம்மா பட்டியல் போட ஆரம்பித்துவிட்டாள். ஜெர்மனியிலிருந்து ஊருக்கு வர நீ டிக்கெட் போடும் முன் உன் டாக்டரிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

அத்தைக்குக் குழந்தை பிறந்த மறுவாரம் இடது கால் வீங்கியது. வலது கொலுசு தாராளமாகச் சுழல்கிறது. இடதில் திருகைக்கூட அசைக்க முடியவில்லை. பட்டறைக் கத்திரியால் நான்தான் வெட்டி எடுத்தேன். தோலில் கண்ணி கண்ணியாகத் தடம். பிடிப்பு என்று எண்ணெய் போட்டு நீவிவிட்டிருந்தார்கள். அது செய்யவே கூடாதாம். உள்சிரையில் ரத்தம் உறைந்து உண்டான கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நல்லவேளை, ஸ்கேனில் பிடித்துவிட்டார்கள். கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் இடது காலில்தான் வரும். இடுப்புக்குள் வலது தமனி இடது சிரையின் குறுக்கே போய் அழுத்துகிறது.

போன வருஷம் ஏற்காட்டுப் பெரியப்பாவுக்கும் ரத்தக்கட்டி வந்தது. எஸ்டேட்டில் நாள் முழுக்க ஏறி இறங்குகிற மனுஷன்! அதன் பிறகுதான் டாக்டர் குடும்பத்தையே சோதிக்கச் சொன்னார். அத்தைக்கும் எனக்கும் புரோட்டீன் எஸ் குறைவு. ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் தடுக்கிற புரதம் அது. பிறவிக் குறை, உனக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருக்கிற எல்லோருக்கும் கட்டி வந்துவிடாது, எனக்கு ஒன்றும் வரவில்லையே. ஆனால் கர்ப்பம், பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம், நெடுநேர விமானம் என்று ஒன்றின்மேல் ஒன்று சேர்ந்தால் வம்பு.

ஜெர்மனியில், ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஃபாக்டர் ஃபைவ் லைடன் என்ற மரபணு மாற்றத்தைச் சோதித்துவிட்டு 'இல்லை' என்று சொன்னால் அத்தோடு விட்டுவிடாதே. 1994-இல் கண்டுபிடித்தது அது. ஐரோப்பியர்களில் 100-க்குச் சுமார் 5 பேருக்கு உண்டு, நம்மவர்களிடம் அபூர்வம். நம் வீட்டுக் குறை வேறு. அப்புறம், கர்ப்பத்தில் புரோட்டீன் எஸ் எல்லோருக்குமே இறங்கும். இப்போது அளந்து குறைவாக வந்தால் உடனே பயப்படாதே. யாருக்கு, எந்த வயதில், எப்போது வந்தது என்பதைச் சொன்னால் அவர்கள் முடிவு செய்வார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பாரின் ஊசி போடச் சொன்னால் போட்டுக்கொள், அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது.

பிரசவமானவளுக்குத் தண்ணீர் அதிகம் ஆகாது, எழுந்து நடமாடக் கூடாது என்று பாட்டி போனில் சொல்வார். சரி சரி என்று கேட்டுக்கொள், செய்யாதே.

பறக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் வளையலோடு நாங்களே அங்கே வருகிறோம். என் ரிப்போர்ட்டும் அத்தையுடையதும் வாட்ஸ்அப்பில் இருக்கின்றன. பிரின்ட் எடுத்துக்கொண்டு போ.

அப்பா