ரோபோ சரி, நிணநீர் முடிச்சு என்ன ஆச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புராஸ்டேட் (ஆண்களுக்கு சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய்க்கு ரோபோ ஆபரேஷன் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தழும்பு சின்னது, ரத்தம் அதிகம் போகாது, சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாம், எல்லாம் சரி. ஆனால் அதே ஆபரேஷனில் இடுப்புக்குள் இருக்கும் நிணநீர் முடிச்சுகளை எடுப்பார்களா மாட்டார்களா, எடுத்தால் என்ன தெரியும் என்று ஒரு வரிகூட இல்லை. மும்பையில் ஒரு ஆஸ்பத்திரியில், வெட்டியெடுத்த திசுவைச் சோதிக்கும் பேத்தாலஜி லேபில் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான், அதனால்தான் இது கண்ணில் பட்டது.

எங்கள் செம்பூர் சொசைட்டியில் ஒரு பெரியவர் ஆபரேஷன் முடிந்து ஃபைலோடு வந்தார். "முடிச்சுல ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்காங்க சார், பாருங்க" என்றார். ரிப்போர்ட்டில் இருந்தது டி3ஏ, என்எக்ஸ். டி3ஏ என்றால் கேன்சர் சுரப்பியின் விளிம்பைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்துவிட்டது. என்எக்ஸ் என்றால் முடிச்சை எடுக்கவே இல்லை, பார்க்கவே இல்லை. எடுத்துப் பார்த்து கேன்சர் இல்லை என்றால்தான் என்0 என்று போடுவார்கள். எடுக்காததற்கு டாக்டரிடம் நியாயமான காரணம் இருந்திருக்கலாம், ஆனால் அதை அவருக்கோ அவர் பையனுக்கோ யாரும் சொல்லவில்லை.

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அந்த மாதிரி முடிச்சுகள் இடுப்புக்கு உள்ளேயும் பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டி இருக்கின்றன, புராஸ்டேட் கேன்சர் வெளியே கிளம்பினால் பெரும்பாலும் முதலில் போய்த் தங்குகிற இடங்களில் அது ஒன்று. எல்லாருக்கும் எடுக்க வேண்டியதில்லை. பிஎஸ்ஏ (ரத்தத்தில் பார்க்கும் புராஸ்டேட் அளவு) 10க்குக் கீழே, கிளீசன் (கேன்சரின் வீரியத்துக்கு மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் போடும் மதிப்பெண்) 6 என்றால் பொதுவாக விட்டுவிடுவார்கள். அதற்கு மேலே உள்ளவர்களுக்கு பிஎஸ்ஏ, கிளீசன், எத்தனை பயாப்ஸி துண்டில் கேன்சர் இருந்தது என்பதையெல்லாம் போட்டு ஒரு கணக்கு உண்டு, பரவியிருக்கும் வாய்ப்பு 5 சதவீதத்தைத் தாண்டினால் எடுப்பது என்று பல காலமாக வைத்திருந்தார்கள், பின்னால் எம்ஆர்ஐயையும் சேர்த்து வந்த ஒரு கணக்கில் அது 7 ஆனது.

"அதான் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் எடுத்தாச்சே" என்பார்கள். புராஸ்டேட் கேன்சர் செல் எங்கே இருக்கிறது என்று தேடிக் காட்டுகிற நல்ல ஸ்கேன்தான், பழைய சிடியையும் எலும்பு ஸ்கேனையும் விட எவ்வளவோ மேல். இருந்தாலும் சில மில்லிமீட்டர் அளவில் இருப்பது அதில் தப்பிவிடும், அதைப் பிடிக்க மைக்ராஸ்கோப்தான் வேண்டும். லேபில் நடப்பது இதுதான்: வலது, இடது என்று லேபிள் ஒட்டிய ஃபார்மலின் டப்பாவில் மஞ்சளாகக் கொழுப்பு வரும். பேத்தாலஜி டாக்டர் அதை விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கி நசுக்கித் தேடுவார், கொழுப்பு வழுக்கிக்கொண்டு போகும், முடிச்சு மட்டும் கெட்டியாக நெருடும். அதை வெட்டி கேசட்டில் போட்டுக் கொடுத்தால் நாங்கள் மெழுகில் பதித்து பிளாக் ஆக்கி, சில மைக்ரான் தடிமனில் சீவி ஸ்லைடில் ஏற்றுவோம். 14 முடிச்சில் 0 (ஒன்றிலும் கேன்சர் இல்லை) என்று ரிப்போர்ட்டில் வருகிற அந்த 14, சர்ஜன் எவ்வளவு தூரம் எடுத்தார் என்பதோடு தேடியவரின் பொறுமையையும் பொறுத்தது. (இந்த வேலைக்கு இன்னும் ரோபோ வரவில்லை!)

திறந்த ஆபரேஷன் காலத்தில் நோயாளி மேஜையில் இருக்கும்போதே முடிச்சு ஃப்ரோஸன் செக்ஷனுக்கு (உறையவைத்து, சீவி உடனே பார்ப்பது) வரும், அதில் கேன்சர் இருந்தால் புராஸ்டேட்டைத் தொடாமலே மூடிவிடுவதும் உண்டு. இப்போது அப்படிப் பெரும்பாலும் செய்வதில்லை, சுரப்பியை எடுத்துவிட்டு ரிப்போர்ட் வந்ததும் மற்றதைப் பார்க்கிறார்கள்.

அதற்காக எல்லாருக்கும் எடுத்தே ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. எடுத்த இடத்தில் நிணநீர் தேங்கலாம், கால் வீங்கலாம், பக்கத்திலேயே ஓடும் ஒரு நரம்பில் அடிபட்டால் தொடையைச் சேர்த்து வைப்பதே கஷ்டமாகும். விரிவாக எடுப்பதையும் குறைவாக எடுப்பதையும் ஒப்பிட்டு பிரேசிலிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் 2021இல் வந்த இரண்டு ஆய்வுகளில், பிஎஸ்ஏ மறுபடி ஏறுவதில் மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆக, முடிச்சை எடுப்பதால் ஆயுசு கூடும் என்று அடித்துச் சொல்ல முடியாது, நோய் எங்கே நிற்கிறது என்று தெரியும். அடுத்து ஹார்மோன் ஊசியா, ரேடியேஷனா, பிஎஸ்ஏ பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா என்று முடிவு பண்ண அது தேவைப்படுகிறது.

இன்னொன்று. ஒரே ஒரு முடிச்சில் இருந்தாலும் என்1, அது இப்போதைய முறையில் 4ஏ ஸ்டேஜ். நாலு என்ற எண்ணைப் பார்த்ததும் வீடே இடிந்து உட்கார்ந்துவிடுகிறது. எலும்புக்குப் போனது 4பி, அது வேறு கதை. 4ஏவில் சிகிச்சைக்கு நிறைய வழி இருக்கிறது, சிலருக்கு உடனே எதுவுமே ஆரம்பிக்காமல் பிஎஸ்ஏவைக் கவனிப்பதும் உண்டு.

ரிப்போர்ட்டில் சந்தேகம் என்றால் பிளாக்கை வாங்கி வேறு இடத்தில் காட்டலாம், பரேல் டாடா ஆஸ்பத்திரியில் வெளி பிளாக்குகளை மறுபடி பார்த்துச் சொல்வது வழக்கம்தான். என்எக்ஸ் ஆனவர்களுக்கு முடிச்சைப் பொறுத்தவரை காட்டுவதற்கு பிளாக்கே இருக்காது, அதனால் எடுக்கப் போகிறீர்களா, இல்லையென்றால் ஏன் என்று ஆபரேஷனுக்கு முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். அடுத்த முறை இந்த விஷயம் போடும்போது ரோபோ படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி, ஒரு மாதிரி ரிப்போர்ட்டைப் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீசியன்,
செம்பூர், மும்பை