"புடிக்கலைன்னா ஹெட்செட் மாட்டிக்க"ன்னு சொன்ன மலை பஸ்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் நடுவுல பஸ் ஓட்டுற ஓனர் அய்யாமாருக்கும், டிரைவர் கண்டக்டர் அண்ணன்மாருக்கும் பெருமாள்மலையில இருந்து வணக்கம்.

பஸ்ல பாட்டு சத்தத்தைக் கொறைங்கன்னு நாங்க கேக்குறதும், நீங்க ரெண்டு வளைவு வரைக்கும் கொறைச்சுட்டு திரும்ப ஏத்துறதும் இன்னைக்கு நேத்து நடக்குறதில்ல, பழசையெல்லாம் கிளற வேணாம். ஆனா போன வாரம் காலேஜ் விட்டு வந்த எங்க பாப்பா, காது வலிக்குதுண்ணே கொஞ்சம் கொறைங்கன்னு கேட்டதுக்கு ஒரு கண்டக்டர் அண்ணன் "புடிக்கலைன்னா ஹெட்செட் மாட்டிக்க தாயி, எல்லாரும் அப்படித்தான வர்றாங்க"ன்னு சொல்லிருக்காரு. திட்டல, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாராம். எனக்குத்தான் அதக் கேட்டப்புறம் சும்மா இருக்க முடியல, ஏன்னா எம்புள்ள காது கெட்டதே உங்க பஸ்ல ஹெட்செட் மாட்டி மாட்டித்தான்.

ஹெட்செட் மாட்டுனா பஸ் சத்தம் நின்னுருமா? எங்க புள்ளைங்க கையில இருக்குறது 300, 400 ரூவா இயர்போன், அது வெளிச்சத்தத்தத் தடுக்காது. வெளிச்சத்தத்த அமுக்குற நாய்ஸ் கேன்சலிங் ஹெட்செட் நல்லதுன்னுதான் சொல்றாங்க, ஆனா நல்லதா ஒண்ணு வாங்க காப்பித் தோட்டக் கூலிக்குக் கட்டுபடி ஆகுமா? தலைக்கு மேல ஸ்பீக்கர் அலறுது, அடியில எஞ்சின் ரெண்டாவது கியர்ல உறுமுது, கொண்டை ஊசி வளைவு வந்தா ஏர் ஹாரன், இது அத்தனைக்கும் மேல தன் பாட்டு கேக்கணும்னா அந்தப் புள்ள வால்யூம ஏத்தித்தான ஆகணும். அதிக சத்தம் காதுக்குக் கெடுதல்னு போன்ல ஒரு எச்சரிக்கை வரும், அத ஒரு தட்டு தட்டி விட்டுட்டு இன்னும் மேல ஏத்துவாங்க.

மலை ரோட்டுக்குன்னே இன்னொரு கேடும் இருக்கு. கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம், ஏற ஏற காத்தழுத்தம் கொறையும், டம்டம் பாறை தாண்டுனதும் காது கும்முனு அடைச்சுக்கும், உங்களுக்குத் தெரியாததா. அப்ப பாட்டு எங்கயோ தூரத்துல கேக்கும், புள்ள இன்னும் ரெண்டு புள்ளி ஏத்தும். அப்புறம் ஒரு கொட்டாவி விட்டா, எச்சில முழுங்குனா டப்புனு காது தெறந்துரும், ஆனா ஏத்துன வால்யூம் ஏத்துன எடத்துலயேதான் நிக்கும்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு சொல்லுது, சத்தத்த டெசிபல்ங்குற அளவுல அளப்பாங்க. 80 டெசிபல்ல கேட்டா வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும் காது தாங்குமாம், 90 டெசிபல்னா வாரத்துக்கே 4 மணி நேரம்தான், 100ன்னா வெறும் 20 நிமிசம். எங்க ஊர்ல இருந்து கீழ போக வர தினம் மூணு மணி நேரம்னு வைங்க, 90ல கேட்டுக்கிட்டே போற புள்ளைக்கு செவ்வாக்கிழமை காலையில பஸ்ஸ விட்டு எறங்கும்போதே அந்த வாரத்துக் கணக்கு தீந்துருது. அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை வரைக்கும் கேக்குறது பூராவும் காதுக்குச் சேதாரம்தான்.

அந்தச் சேதாரம் வீட்ல எப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியணும். மொதல்ல வெளிய சில்வண்டு கத்துதுன்னுதான் பாப்பா நெனச்சிருக்கா. ஜன்னலச் சாத்துனா சத்தம் கொறையணும்ல, சாத்துனா இன்னும் நல்லா கேட்டுருக்கு. கீழ ஊர்லயாவது ராத்திரி ஃபேன் ஓடும், அந்தச் சத்தத்துல கொஞ்சம் மறைஞ்சு போகும். எங்க ஊர்ல ஏது ஃபேன், ஒம்பது மணிக்கு மேல ஊரே அடங்கிரும், அந்த அமைதியில காதுக்குள்ள மட்டும் ங்கொய்ங்னு விடிய விடிய ஒரே சத்தம். தூக்கம் வராம, அந்த இரைச்சல மறைக்க திரும்ப ஹெட்செட்ட எடுத்து மாட்டிக்கிட்டு அழுதுட்டு கெடந்தா. நான் கம்பளிய வெலக்கிப் பாத்தப்பதான் விசயமே தெரியும். இவ்வளவு நாளா ஏன் சொல்லலன்னு கேட்டா, எல்லாருக்கும் இப்படித்தான் கேக்கும்னு நெனச்சேம்மாங்குறா.

மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். சத்தம் புகாத சின்ன ரூம்ல உக்கார வச்சு, பீப்னு கேக்குறப்பல்லாம் பட்டன அமுக்கச் சொன்னாங்க. நான் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டு இருக்கேன், ரொம்ப நேரமா அவ பட்டன அமுக்கவே இல்ல. டெஸ்ட் பேப்பர்ல கோடு நேரா வந்து 4000 ஹெர்ட்ஸ்ங்குற மேல் சுருதிகிட்ட பள்ளமா எறங்கியிருக்கு, ரெண்டு காதுக்கும், அந்தச் சுருதி சரியா கேக்கலன்னு அர்த்தமாம். ச, ஸ, ஷ மாதிரி மெல்லிசான சத்தமெல்லாம் மேல் சுருதியில இருக்குறதால, க்ளாஸ்ல சார் பேசுறது கேக்குது, என்ன சொன்னாருன்னு பிடிபட மாட்டேங்குது. காதுக்குள்ள சத்தத்த வாங்குற நுண்ணிய முடி செல்லுங்க செத்தா மனுசனுக்குத் திரும்ப முளைக்காதாம், கோழிக்கு முளைக்குமாம், நமக்குக் கெடையாது. போனத மீட்க மருந்தும் இல்ல, மிச்சத்தக் காப்பாத்துங்கன்னு சொல்லிட்டாரு டாக்டர். அதனாலதான் இப்ப அவ ஹெட்செட் இல்லாம பஸ்ல வர்றா, அதனாலதான் உங்ககிட்ட கொறைங்கன்னு கேட்டா.

பாட்டு இல்லைன்னா தூக்கம் வருது, பயணிங்களே கேக்குறாங்கன்னு சொல்லுவீங்க. பாட்டே வேணாம்னு யாரு சொன்னா, இந்த ரோட்ல வண்டி ஓட்டுறது எவ்வளவு பெரிய வேலைன்னு எங்களுக்குத் தெரியாதா? சத்தத்தத்தான் கொறைக்கச் சொல்றோம். டிரைவர் சீட்டுக்கு மேலயே ஒரு ஸ்பீக்கர் இருக்கு, நாங்க எறங்கிப் போயிர்றோம், விடிஞ்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் அதுக்கடியிலயே உக்காந்திருக்குறது நீங்கதான். உங்க காதும் காதுதான. வளைவுல ஹாரன் அடிக்க வேணாம்னும் சொல்லல, எதுக்க வர்றவனுக்குத் தெரியணும், ஆனா பல சுருதியில அலறுற ஹாரன் கூடாதுன்னு 1989 மத்திய மோட்டார் வாகன விதியிலயே இருக்குறப்ப எதுக்கு அதையே மாட்டி வச்சிருக்கீங்க? சீசன் வந்தா டூரிஸ்ட் வேன்காரன் ஊரையே அதிர வைக்கிறான், அவனையும் கேக்க ஆளில்ல. பள்ளிக்கூடத்துல கண்ணு முகாம் வைக்கிறாங்க, காது டெஸ்ட் முகாம்னு ஒண்ணு எங்க பக்கம் நான் பாத்ததே இல்ல. புள்ளைக்கு காது கேக்கலன்னு தெரிஞ்சப்புறம்தான் நாங்களே மதுரைக்கு ஓட வேண்டியிருக்கு.

அதெல்லாம் உங்ககிட்ட கேக்குற கேள்வி இல்ல, மன்னிச்சுக்கங்க, ஆத்தாமை பேச வைக்குது. உங்ககிட்ட கேக்குறது ஸ்பீக்கர் சத்தத்தக் கொறைங்கங்குறது மட்டும்தான். பக்கத்து சீட்டுக்காரர் சாதாரணமா பேசுனா காதுல விழணும், கண்டக்டர் அண்ணன் கடைசி சீட்டுல நின்னு கத்தாம டிக்கெட் கேட்டா புரியணும், அந்த அளவு போதும். பஸ் சத்தம் கொறைஞ்சா மத்த புள்ளைங்களும் போன் வால்யூம 60 சதவீதத்துக்குக் கீழ வச்சே பாட்டு கேக்கலாம், நாங்களும் வீட்ல அதட்டிச் சொல்ல முடியும். இப்ப சொன்னா, பஸ்ல ஒண்ணுமே கேக்க மாட்டேங்குதும்மான்னு சொல்லுதுங்க, அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல. காலேஜ் புள்ளைங்க ஏறுற காலை ட்ரிப்புலயும் சாயங்கால ட்ரிப்புலயும் மொதல்ல ஆரம்பிங்க, பின்பக்க ஸ்பீக்கர அந்த நேரத்துலயாவது ஆஃப் பண்ணி வைங்க. ஓனர் அய்யாமாரு ஒரு வார்த்தை சொன்னா டிரைவர் அண்ணன்மாரு மறுக்கப் போறதில்ல. வர்ற திங்கக்கிழமை காலை ட்ரிப்புல இருந்தே கொறைங்கய்யா, தயவுசெஞ்சு.

இப்படிக்கு,
உங்க பஸ்ல தினமும் வர்ற ஒரு காலேஜ் புள்ளையோட அம்மா,
பெருமாள்மலை