ஓக் மரத்தை மட்டும் புகழ்ந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த, இங்கிலாந்துக் கடலின் நடுவே பாறையில் நிற்கும் எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் ஓக் மரத்தைப் பார்த்தார், அடி பருத்து மேலே ஒடுங்கும் அதே வளைவில் கோபுரம் எழுப்பினார், அலை தோற்றது என்று முடித்துவிட்டீர்களே, அங்கேதான் எனக்குச் சம்மதமில்லை. அந்த வளைவுக்கு ஒரு குறையும் உண்டு.

நான் இருப்பது கேரள எல்லையில், நீரோடிக்குப் பக்கத்தில். கடலில் போட்ட கல் எத்தனை நாள் நிற்கும் என்பது எங்கள் ஊரில் டீக்கடைப் பேச்சு. அதனால்தான் எழுதத் தோன்றியது.

கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலை நிற்கும் பாறை கரையிலிருந்து கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர்தான். எடிஸ்டோன் பாறை பிளிமத் துறைமுகத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல். கடல் ஏறினால் பாறை பெரும்பாலும் தண்ணீருக்குள் போய்விடும், வற்றும் அந்தச் சில மணி நேரத்தில்தான் வேலை. அங்கே முதல் கோபுரத்தைக் கட்டி 1698இல் விளக்கேற்றிய வின்ஸ்டான்லி, 1703 நவம்பர் புயலில் தன் கோபுரத்தோடு தானும் போனார். அடுத்து ரட்யர்ட் கட்டியது மரக் கோபுரம், பாரத்துக்கு உள்ளே கல் அடுக்கியிருந்தார்கள். அது 1755இல் எரிந்தது. தீயை அணைக்கப் போன 94 வயதுக் காவலர் ஹென்றி ஹால், உருகி வழிந்த ஈயத்தை விழுங்கிவிட்டார் என்பதை முதலில் யாரும் நம்பவில்லையாம். சில நாள் கழித்து அவர் இறந்தபின் வயிற்றிலிருந்து எடுத்த ஈயக்கட்டி இன்றும் எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதையெல்லாம் எப்படி விட்டுவிட்டீர்கள் என்றுதான் தெரியவில்லை!

சரி, அந்தத் தீக்குப் பிறகு கட்டிய ஸ்மீட்டனுக்கு வருவோம். அவர் கோபுரம் 72 அடி, வள்ளுவர் சிலையின் 133 அடியில் பாதிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதை நிற்க வைத்ததில் வளைவைவிடக் கற்களைக் கோர்த்த விதத்துக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன். தச்சர் பெட்டியின் மூலையில் பலகைகளைக் கோர்ப்பதுபோல, டன் கணக்கில் எடையுள்ள கற்களை ஒன்றுக்குள் ஒன்று பூட்டி, பாறையையும் படிப்படியாகச் செதுக்கி அதோடும் பூட்டினார்; ஒரு வரிசை அடுத்த வரிசைமேல் நழுவாமலிருக்க நடுவில் பளிங்குக் கட்டைகளை இறக்கினார். ஒரு கல்லைப் பிடுங்க வேண்டுமென்றால் அலை பக்கத்துக் கல்லையும் சேர்த்துத்தான் பிடுங்க வேண்டும்.

அப்புறம் சுண்ணாம்பு. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்த சுண்ணாம்புச் சாந்தைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் சாதாரணச் சுண்ணாம்பு இறுகக் காற்று வேண்டும், தண்ணீருக்கடியில் இறுகாது. எந்தச் சுண்ணாம்புக் கல்லில் இயற்கையாகவே களிமண் கலந்திருக்கிறதோ அதைச் சுட்டால் கிடைக்கும் சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும் என்று, பல ஊர்க் கற்களை அமிலத்தில் கரைத்துப் பார்த்துத்தான் ஸ்மீட்டன் கண்டுபிடித்தார். அதோடு இத்தாலியின் எரிமலை மண்ணையும் கலந்தார். பிற்காலத்து சிமென்டுக்கு வழிகாட்டியது இந்தச் சோதனைதான், கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

இனி அந்தக் குறை. அடியில் சரிவாக வளைந்திருந்ததால் அலை உடையாமல் அந்தச் சரிவிலேயே ஏறி விளக்கு வரைக்கும் போனது, பெரிய அலைகளில் கோபுரமே நடுங்கியது. அதனால்தான் பின்னால் வந்த டக்ளஸ், தன் கோபுரத்துக்கு 44 அடி விட்டத்தில் செங்குத்தான உருளை வடிவ மேடை ஒன்றை அடியில் கட்டினார். அலை அதில் மோதி உடைந்துவிடும், மேலே ஏறாது. அவர் புதிதாகக் கட்ட வேண்டி வந்ததுகூட ஸ்மீட்டனின் கோபுரம் பழுதானதால் இல்லை, அது நின்ற பாறையைக் கடல் அடியிலே அரித்துவிட்டது. பக்கத்துப் பாறையில் 1882இல் புது விளக்கு எரிந்தது. பழைய கோபுரத்தின் மேல்பகுதியைக் கழற்றிப் பிளிமத் கரையில் நிறுத்தினார்கள், அடிப்பகுதி இன்னும் கடலிலேயே நிற்கிறது.

எங்கள் கரைக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இங்கே தூண்டில் வளைவுக்கும் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) அலைத் தடுப்புச் சுவருக்கும் லாரி லாரியாகக் கல் கொட்டுகிறார்கள். உதிரிக் கல் என்பதாலேயே தப்பு என்று சொல்ல மாட்டேன், அலையின் வேகத்தை இடுக்குகளில் வாங்கித் தணிக்க அதுவும் ஒரு முறைதான். ஆனால் எங்களுக்கு அடியில் பாறை இல்லை, மணல். ஆனி ஆடிக் கடல் அந்த மணலை இழுத்ததும் மேலே இருக்கும் கல் தானாகச் சரிகிறது. மறுபடியும் அதே இடத்தில் கல் கொட்டுகிறார்களே தவிர, அடியில் எவ்வளவு ஆழம் அரித்திருக்கிறது என்று யாராவது அளந்து பார்த்து நான் கண்டதில்லை. இந்தப் பக்கம் வளைவு போட்டால் அரிப்பு தங்கள் பக்கம் வருகிறது என்று எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கும் பொழியூர்க்காரர்கள் சொல்வது வேறு.

உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, இந்தச் சுவர்களின் அடியை யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். இரண்டு மாநிலத்திலும் கேட்க வேண்டும். ஆனி பிறப்பதற்கு முன்னால் வந்தால் நல்லது, அப்புறம் கரையில் நிற்கவே இடமிருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நீரோடி அருகே, கன்னியாகுமரி மாவட்டம்