ஜங்க் ஜேர்னலுக்கு ஏன் ஐம்பது டொலர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் சிறுவர் பக்கத்தில் ஹலோவீனுக்குப் பழைய காலத்துப் பாணியில் ஜங்க் ஜேர்னல், அதாவது கழித்துப்போட்ட கடதாசிகளைத் தைத்தும் ஒட்டியும் செய்யும் கொப்பி, செய்வது பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. படங்கள் வடிவாக இருந்தன, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் கீழே போட்டிருந்த சாமான் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. ஏற்கனவே பழசாக்கி விற்கிற தாள் ஒரு கட்டு, மண்டையோட்டு ஸ்ரிக்கர், கறுப்பு லேஸ், மை அடிக்கும் பட்டை இரண்டு நிறத்தில், உலோகச் சாவி, உலோக வௌவால், அதோடு தைத்து முடித்த வெற்றுக் கொப்பி ஒன்று. என் பேத்தி பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மம்மா, கடைக்குப் போவமா?" என்று கேட்டாள். போனோம். எல்லாவற்றையும் கூடையில் போட்டுக் கூட்டிப் பார்த்தால் வரியோடு ஐம்பது டொலரைத் தாண்டியது. எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் திருப்பி வைத்துவிட்டு வந்தோம்.

நான் ஆறு வருடமாக ஒவ்வொரு ஒக்டோபரிலும் இந்த வேலையாகவே இருப்பவள். ஜங்க் என்ற சொல்லுக்கே குப்பை, கழித்துப்போட்ட சாமான் என்றுதான் பொருள். குப்பையைக் காசு கொடுத்து வாங்கச் சொன்னால் அது வேறு ஏதோ ஒரு கைவேலை, ஜங்க் ஜேர்னல் இல்லை. இது சிக்கனத்துக்காக மட்டும் சொல்வதும் இல்லை. நாங்கள் இப்போது வின்ரேஜ் ஹலோவீன் என்று ஆசைப்பட்டுப் பார்க்கிற எல்லாமே அந்தக் காலத்தில் ஒரு இரவுக்கு வைத்திருந்துவிட்டு எறிகிற மலிவுக் கடதாசிதான்.

1905க்கும் 1915க்கும் இடையில் அமெரிக்காவில் தபாலட்டை அனுப்புவது ஒரு பைத்தியம் போல இருந்தது. பூசணித் தலையோடு பையன், நிலவுக்கு முன்னால் விளக்குமாற்றில் சூனியக்காரி, கறுப்புப் பூனை, ஆந்தை என்று ஹலோவீனுக்கென்றே தனி அட்டைகள். எல்லன் கிளாப்சாடில் என்ற பெண் வரைந்தவை இன்றைக்கும் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறவை. நல்ல அட்டைகளில் பெரும்பாலானவை ஜேர்மனியில் அச்சானவை, தடவிப் பார்த்தால் படம் மேடாகக் கையில் தட்டுப்படும். முதலாம் உலகப் போர் வந்ததும் அந்த அச்சுத் தொழில் குலைந்துபோனது. அந்த அட்டைகளுக்குத் தபால் செலவு 1 சதம். அப்புறம் மசாசூசெட்ஸில் இருந்த டெனிசன் நிறுவனம் கிறேப் பேப்பர் என்ற சுருக்கு விழுந்த அலங்காரக் கடதாசியை விற்பதற்காகவே, வீட்டை எப்படி ஜோடிக்கலாம், உடுப்பு எப்படித் தைக்கலாம் என்று படம் போட்டு ஹலோவீன் புத்தகங்கள் வெளியிட்டது, முதலாவது 1909இல். பென்சில்வேனியாவின் பீஸ்ரில் நிறுவனம் 1920களில் மட்டையில் வெட்டிய பூனைகளையும் எலும்புக்கூடுகளையும் விற்றது. விருந்து முடிந்ததும் இவை குப்பைக்குத்தான் போயின, அதனால்தான் மிஞ்சியவற்றுக்கு இன்றைக்கு இவ்வளவு விலை. அந்தத் தோற்றம் வேண்டுமென்றால் அதே மாதிரி மலிவுக் கடதாசியில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் செப்டெம்பரிலேயே ஒரு சப்பாத்துப் பெட்டி மேசையடிக்கு வந்துவிடும். பாண் வாங்கிய மண்ணிறப் பை, சீரியல் பெட்டி, பிய்ந்துபோன பழைய புத்தகத்தின் பக்கங்கள், பாவித்துக் காய வைத்த தேயிலைப் பை, கோழி கட்டி வந்த நூல், எல்லாம் அதற்குள் போகும். எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது வங்கியில் இருந்து வரும் கடித உறைதான். அதைப் பக்கவாட்டில் கிழித்து விரித்துப் பாருங்கள். உள்ளே எழுதியிருப்பது வெளியே தெரியாமல் இருக்கச் சாம்பலும் நீலமுமாகக் கோடு, அலை, சிறு சிறு பின்னல் என்று அச்சடித்திருப்பார்கள். காசு கொடுத்து வாங்கும் அலங்காரத் தாளில் கூட அவ்வளவு நுணுக்கம் வராது. முகவரி தெரிவதற்காக விட்டிருக்கும் கண்ணாடித்தாள் சன்னலை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் ஒரு கறுப்பு உருவத்தை வெட்டி ஒட்டினால், பூட்டிய வீட்டின் சன்னலுக்குள் யாரோ நின்று பார்ப்பது போல இருக்கும். பேத்தி போன வருடம் அதற்குள் ஒரு கிழவியை நிற்க வைத்தாள். அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது எனக்கே ஒருமுறை நெஞ்சு திடுக்கென்றது.

இனித் தாளைப் பழசாக்கும் வேலை. சாயத் தேத்தண்ணி கடுமையாக ஊற்றி ஆறவிட்டு, ஒரு தட்டில் விட்டு, வெள்ளைத் தாளை ஒவ்வொன்றாக அதில் படுக்க வைத்து எடுக்க வேண்டும். ஓவனை 200 பாகை ஃபரனைட்டில் வைத்துத் தட்டோடு உள்ளே விட்டால் ஐந்தாறு நிமிடத்தில் காய்ந்து ஓரம் நெளிந்து வரும், பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். அவசரம் இல்லையென்றால் துவாய் மேல் பரப்பி ஒரு இரவு விட்டாலும் சரி. கசக்கிவிட்டுத் தோய்த்தால் சுருக்கங்களில் சாயம் கூடப் பிடித்து நரம்பு நரம்பாகத் தெரியும். கோப்பி இன்னும் இருண்ட நிறம் தரும், வாசமும் பல மாதம் நிற்கும்.

ஹலோவீனின் செம்மஞ்சளுக்கு மையோ பெயின்ரோ வேண்டாம். எங்கள் குசினிகளில் வெங்காயத் தோலுக்குப் பஞ்சமே இல்லை, இரண்டு கைப்பிடி தோலைத் தண்ணீரில் அரை மணித்தியாலம் கொதிக்க வைத்து வடித்தால் பழைய தபாலட்டைப் பூசணியின் அதே மங்கிய செம்மஞ்சள் கிடைக்கும். மஞ்சள் தூளைப் போட்டுப் பார்க்கலாம் என்று பலருக்குத் தோன்றும், முதல் நாள் பளிச்சென்று இருக்கும், ஆனால் வெளிச்சம் பட்டால் வெளிறிப்போகும். செய்துபார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கறுப்புத்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி, அதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஒரு சின்னப் போத்தலில் வினாகிரியும் நாலைந்து கறள் பிடித்த ஆணியும் போட்டு ஒரு வாரம் விடுங்கள், மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு சேரும். தண்ணீர் பழுப்பு நிறமாக மாறியதும் மெல்லிய தூரிகையால் தொட்டு, தேயிலையில் தோய்த்துக் காய்ந்த தாளில் ஒரு மரக்கிளையைக் கீறுங்கள். கீறும்போது வெறும் ஈரம் போலத்தான் இருக்கும். பிள்ளைகள் "ஒன்றும் வரவில்லையே" என்பார்கள். பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். முதலில் கோடு சாம்பலாகும், பிறகு ஊதா கலந்த கறுப்பாகும், தூரிகை கூடத் தேங்கின இடத்தில் முழுக் கறுப்பாகும். தேயிலையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் கறுப்பு அது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் கையெழுத்துப் பிரதிகளையும் பத்திரங்களையும் எழுதிய மையும் இதே வழியில் செய்ததுதான், தேயிலைக்குப் பதிலாக ஓக் மரத்தில் உண்டாகும் மாசிக்காய். பேய்க்கதைகளில் வரும் பழைய கடிதம் இந்த மையில்தான் எழுதப்பட்டிருக்கும். வெற்றுத் தாளில் ஒரு மரம் தானாக வெளிவருவதைப் பார்த்த பிள்ளைக்கு ஸ்ரிக்கர் எதற்கு?

படங்களுக்கும் காசு வேண்டியதில்லை. நியூயோர்க் பொது நூலகம் 2016 சனவரியில் 180,000க்கும் மேற்பட்ட படங்களை யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று இணையத்தில் திறந்துவிட்டது. அமெரிக்காவில் 1929க்கு முன் அச்சில் வெளிவந்த அட்டைகளும் இப்போது பொதுச்சொத்து. ஒன்றை மட்டும் கவனியுங்கள். வீட்டில் இருக்கும் இங்க்ஜெற் பிரின்ரரில் எடுத்த படம் ஈரம் பட்டால் கரைந்து ஓடும். தாளை முதலில் சாயம் தோய்த்து, காய வைத்து, இஸ்திரி போட்டுத் தட்டையாக்கிவிட்டு, பிறகு அதில் அச்செடுங்கள். ஒட்டுவதற்கும் தண்ணீர்ப் பசை வேண்டாம், பக்கம் நெளியும், குச்சிப் பசை போதும்.

கொப்பியைத் தைப்பது பலருக்குப் பயம். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தால் இதுவும் வரும். சாதாரண கடிதத் தாள் ஐந்தை ஒன்றாக மடித்தால் இருபது பக்கம். மடிப்பின் நடுவில் ஒரு துளை, மேலும் கீழும் ஒவ்வொன்று, மொத்தம் மூன்று. நூலைத் தாளின் உயரத்தைப் போல மூன்று மடங்கு வெட்டி, மெழுகுதிரியில் இரண்டு தரம் இழுத்தால் சிக்காது. உள்ளே இருந்து நடுத்துளையால் வெளியே போய், மேல் துளையால் உள்ளே வந்து, நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையால் வெளியே போய், திரும்ப நடுத்துளையால் உள்ளே வர வேண்டும். இப்போது இரண்டு நுனிகளும் அந்த நீட்டு நூலுக்கு இரு பக்கமும் இருக்கும், அதைச் சுற்றி முடிச்சுப் போட்டால் அசையாது. சீரியல் மட்டையை அட்டையாக மடித்து, தாளோடு சேர்த்தே தைத்துவிடலாம், அதன் மேல் தேத்தண்ணியில் தோய்த்த மெல்லிய பருத்தித் துணியைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டினால் சிலந்திவலை ஆகிவிடும்.

எங்கள் கொப்பி அட்டையில் இந்த வருடம் பூசணி இல்லை, டேர்னிப் கிழங்கு. அயர்லாந்தில் ஹலோவீன் விளக்குக்கு முதலில் குடைந்தது டேர்னிப்பைத்தான், அங்கிருந்து வட அமெரிக்காவுக்கு வந்தவர்கள்தான் இங்கே பெரிதாக, லேசாகக் குடையக் கிடைத்த பூசணிக்கு மாறினார்கள். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், காசில்பாருக்குப் பக்கத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்தில் டொனகல் பகுதியில் குடைந்த ஒரு டேர்னிப் முகத்தின் சாந்து வார்ப்பு இருக்கிறது. படத்தைப் பேத்திக்குக் காட்டினேன். குழி விழுந்த கண், ஓட்டைப் பல், சுருங்கிய தோல். ஒரு நிமிடம் பேசாமல் பார்த்துவிட்டு, "பூசணி சிரிக்கும் அம்மம்மா, இது சிரிக்கவில்லை" என்றாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரையும் எச்சரிக்க விரும்புகிறேன். பழைய தோற்றம் வேண்டும் என்று வீட்டில் இருக்கும் உண்மையான பழைய படத்தையோ கடிதத்தையோ இதில் ஒட்டாதீர்கள். தேயிலையிலும் வினாகிரியிலும் பத்திரிகைத் தாளிலும் அமிலம் இருக்கிறது, அது பக்கத்துத் தாளுக்கும் ஊறும். அந்த இரும்பு மை காலப்போக்கில் தாளையே அரித்துவிடும். நான் முதல் வருடம் என் அம்மா ஊரில் இருந்து எழுதிய ஒரு கடிதத்தை ஆசையில் ஒட்டிவிட்டேன். இப்போது அதில் நாலு வரி வாசிக்க முடியாது. வேறு பிரதியும் இல்லை. பிரதி எடுத்து ஒட்டுங்கள், மூலத்தைத் தனியாகப் பத்திரமாக வையுங்கள்.

உள்ளே என்ன எழுதுவது என்று கேட்பார்கள். ஹலோவீன் இரவில் மிட்டாய்க்கு வீடு வீடாகப் போனபோது எந்த வீட்டில் முழுச் சொக்கலேற் கொடுத்தார்கள், எந்த வீட்டில் நாய் குரைத்தது, ஆசையாகத் தைத்த உடுப்புக்கு மேல் குளிருக்கு ஜக்கெற் போட வைத்ததற்கு யார் அழுதது, அதை எழுதினால் போதும். மிட்டாய் சுற்றி வந்த தாளையும் பக்கத்தில் ஒட்டலாம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. அடுத்த ஒக்டோபர் முதல் வாரத்தில் உங்கள் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கத்துக்கு அந்தப் பழைய பொதுச்சொத்துத் தபாலட்டைப் படங்களைக் கறுப்பு வெள்ளையில் போடுங்கள், பின்பக்கத்தில் விளம்பரம் மட்டும் இருக்கட்டும், பிள்ளைகள் வெட்டி எடுத்தாலும் செய்தி எதுவும் கெடாது. வெட்டிய படத்தை வெயில் படும் சன்னலில் நாலைந்து நாள் வைத்தால் உங்கள் தாளே மஞ்சளாகிவிடும், சாயம் கூட வேண்டாம். பட்டியல் போட இடம் மிஞ்சினால் ஊசி, நூல், தேயிலை, வெங்காயத் தோல், கறள் ஆணி என்று போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி ஒருவர்,
ஸ்காபரோ.